புது ஸ்போர்ட்ஸ் காரில் டிஃபரன்ஷியல் ஆயில் குறைவா? டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எஞ்சின் ஆயிலைப் பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறது. பிரேக் ஆயிலுக்குக் கோடு போட்ட டப்பா இருக்கிறது. எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலுக்கு இரண்டும் கிடையாது, குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கும் எரியாது. காருக்கு அடியில் படுத்து, ஒரு ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் பார்த்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். புது காருக்கு யாரும் இதைச் செய்வதில்லை. டெலிவரிக்கு முன்னால் டீலர் செய்யும் சோதனையிலும் பொதுவாக இந்தப் ப்ளக்கை யாரும் தொடுவதில்லை. ஆலையில் இயந்திரம் அளந்து ஊற்றியிருக்கும், அது போதும் என்ற நம்பிக்கைதான். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதும் இல்லை.

ஆனாலும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊ...' என்று மெல்லிய ஊளை கேட்டாலோ, டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டில் (ஹவுசிங்) ஈரம் தெரிந்தாலோ, காரை ரேஸ் டிராக்குக்கு எடுத்துப் போகப் போகிறீர்கள் என்றாலோ ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. வேலை எளிது. அதைத் தவறாகச் செய்வதும் அதே அளவுக்கு எளிது. முழுதாக ஆயில் இருக்கும் காரைக் 'குறைவு' என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றிவிடும் வாய்ப்பு இதில் அதிகம். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது டொயோட்டா 86 குடும்பம். 2012இல் வந்த கார். டொயோட்டா பெயரில் 86, சுபாரு பெயரில் பிஆர்இசட், அமெரிக்காவில் 2016 வரை சயான் எஃப்ஆர்-எஸ் என்று விற்றார்கள். எல்லாமே ஜப்பானின் குன்மா மாகாணத்து ஓட்டா நகரில் சுபாரு ஆலையில் தயாரானவை. 2021இல் ஜிஆர் 86 என்ற இரண்டாம் தலைமுறை வந்தது. எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால், டிஃபரன்ஷியல் தனிப் பெட்டியாக, தனக்கென்று தனி ஆயிலோடு இருப்பதால் கற்றுக்கொள்ள வசதியான கார். மாஸ்டா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங் போன்றவற்றுக்கும் முறை இதேதான், ப்ளக்கின் அளவும் ஆயிலின் ரகமும் மட்டும் மாறும். போர்ஷே 911, பாக்ஸ்டர் மாதிரி கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகிவிடும்?

முதல் தலைமுறை 86இன் டிஃபரன்ஷியல் கொள்வது ஏறத்தாழ 1.15 லிட்டர். எஞ்சினில் ஐந்து லிட்டருக்கு மேல் இருக்கும், அதில் 200 மில்லி குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே 200 மில்லி என்றால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு.

அதோடு உள்ளே எண்ணெயை அழுத்தி அனுப்ப பம்ப் எதுவும் இல்லை. பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் தன் அடிப்பாகத்தை ஆயிலில் தோய்த்துக்கொண்டே சுழலும். அது வாரி இறைப்பதுதான் மேலே இருக்கும் பேரிங்குகளுக்கும் முன்னால், கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங்குக்கும் போய்ச் சேரும். மட்டம் இறங்கினால் இறைக்கும் அளவும் குறையும். கிரவுன், பினியன் பற்கள் இரண்டும் வெறுமனே உருளுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்குக் கீழே அமைந்திருப்பதால் வரும் சறுக்கல் அது. ஹைப்பாய்டு என்று சொல்லும் இந்த அமைப்புக்காகத்தான் ஜிஎல்-5 தர ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் இருக்கின்றன. கியர் ஆயிலின் அந்த அழுகிய முட்டை வாடைக்கும் காரணம் அதுவே.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் காரில் சத்தம் பல வேஷம் போடும். 2012, 2013 கார்களில் முன்னால் சில்வண்டு கத்துவது போல ஒரு கிரீச்சொலி வரும், அது உயர் அழுத்த பெட்ரோல் பம்ப்பின் வேலை. ஜிஆர் 86இல் எஞ்சின் ஒலியின் ஒரு பகுதியை ஸ்பீக்கர் வழியாகவே கேபினுக்குள் போடுகிறார்கள். 'பின்னாலிருந்து முனகுகிறது' என்று நீங்கள் நினைப்பது எஞ்சினாகவே இருக்கலாம்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஆளில்லாத நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது, ஐடிலில் ஓடட்டும். சத்தம் அப்படியே நின்றுவிட்டால் பெரும்பாலும் எஞ்சின் பக்கம். வேகம் குறையக் குறைய சத்தமும் தாழ்ந்துகொண்டே வந்தால் சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று. அதற்குள்ளும் மூன்று சந்தேகப் பேர்வழிகள்:

- தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்.
- ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி, மறுபக்கம் வளைக்கும்போது குறைந்தால் வீல் பேரிங்.
- ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுரம், விடும்போது வேறு சுரம் அல்லது மௌனம் என்றால் டிஃபரன்ஷியல்.

மூன்றாவதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் கிரவுன் சத்தம். ஆயில் குறைவால்தான் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, பற்கள் பொருந்தும் விதம் சரியில்லாவிட்டாலும் வரும். ஆனால் திறந்து பார்க்க இது போதுமான காரணம்.

அடியில் ஒரு டார்ச் அடியுங்கள்

பினியன் தண்டு உள்ளே நுழையும் முன்பக்க சீல், இரண்டு பக்கமும் ஆக்சில் நுழையும் சீல்கள், பின்மூடி இணையும் கோடு, இரண்டு ப்ளக்குகள், மேலே இருக்கும் காற்றுத் துளை. ஆயில் வெளியேற வழி இவ்வளவுதான். ஈரமோ, தூசி ஒட்டிய பிசுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள்.

புது காரில் இங்கே ஒரு குழப்பம் வரும். துரு பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் அடிக்கும் மெழுகுப் பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ வழிந்து காய்ந்திருக்கும், பார்த்தால் எண்ணெய்க் கசிவு போலவே தெரியும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மெழுகு பிசுபிசுவென்று உருளும், வாடை பெரிதாக இருக்காது. கியர் ஆயில் வழவழவென்று பரவும், முகர்ந்தால் மூக்கே சொல்லிவிடும். காற்றுத் துளையைச் சுற்றி லேசான ஈரப்படலம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். சொட்டு தொங்கினால் விஷயம் வேறு.

சீலில் சொட்டு தெரிந்தால் மேற்கொண்டு எதையும் திறக்காதீர்கள். போட்டோ எடுத்து வாரண்டியில் டீலரிடம் விடுங்கள். உங்கள் கை பட்ட காரில் 'கசிவு எங்கிருந்து' என்ற பேச்சே கசப்பாகிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

10 மி.மீ. ஆலன் பிட் சாக்கெட், நீளக் கைப்பிடி, டார்க் ரென்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்), ப்ளக்குக்குப் புது வாஷர்கள், ஆயில் பிடிக்கத் தட்டு, துணி, கையுறை. ஊற்ற வேண்டி வந்தால் கையால் அழுத்தும் பம்ப்பும், கையேடு சொல்லும் ஆயிலும். முதல் தலைமுறைக்கு அது 75டபிள்யூ-85 ஜிஎல்-5. உங்கள் கார் எந்த வருடமோ அதன் கையேட்டையே பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில் வேறு, இதற்கு வேறு. கடையில் ஒரே அலமாரியில்தான் இரண்டும் நிற்கும்.

சிலர் 'எல்எஸ்டி இருக்கிறதே, சேர்மானப் புட்டி ஒன்று விடணுமே' என்பார்கள். எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்; கிளட்ச் தட்டுகள் வைத்த ரகத்துக்குத்தான் அந்தப் புட்டி தேவை. 86இல் எல்எஸ்டி இருந்தால் அது டார்சன் ரகம். கியர்களாலேயே இயங்குவது, அந்தப் புட்டி வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி ஒரு ரசமட்டம். போனில் இருக்கும் ஆப்பும் போதும்.

காரைச் சமமாக நிறுத்துங்கள்

அளவுக்கோடு என்பது அந்த ஓட்டையின் கீழ் விளிம்புதான். கார் தட்டையாக நிற்கும்போது ஆயில் அந்த விளிம்பு வரையோ, அதிலிருந்து 5 மி.மீ. கீழே வரையோ இருக்கலாம் என்பது டொயோட்டாவின் கணக்கு. அதாவது உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 5 மி.மீ.

இப்போது பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? டிஃபரன்ஷியல் பின்னால்தானே இருக்கிறது என்று பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் படுக்கிறார்கள். காரின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வாழை இலையில் ரசம் ஓடுவது போல ஆயில் முன்பக்கம், பினியனை நோக்கி ஓடிவிடுகிறது. பார்க்கும் ஓட்டையோ பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 86இன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் (வீல்பேஸ்) சுமார் 2,570 மி.மீ. பின்பக்கத்தை 300 மி.மீ. உயர்த்தினால், ஒவ்வொரு 10 செ.மீ. நீளத்துக்கும் ஆயில் மட்டம் சுமார் 12 மி.மீ. மாறுகிறது. ஓட்டை ஆயில் பரப்பின் நடுவிலிருந்து 10 செ.மீ. பின்னால் இருந்தாலே போதும், நிறைந்த டிஃபரன்ஷியல்கூட 12 மி.மீ. குறைவாகக் காட்டும். அனுமதியோ 5 மி.மீ.

விரலை விட்டுப் பார்த்துவிட்டு 'ஆலையிலேயே குறைவாக ஊற்றிவிட்டான்' என்று கோபத்தோடு ஓட்டை வழியும் வரை ஊற்றுவார்கள். காரைக் கீழே இறக்கியதும் அளவு மீறிவிடும். சூடேறும்போது மிகுதி ஆயில் நுரைத்துக் காற்றுத் துளை வழியாகப் பிதுங்கும், சீல்களை ஈரமாக்கும். அடுத்த வாரம் 'புது காரில் கசிவு' என்று புகார் எழுதுவார்கள். புது கார்களில் ஆயில் குறைவு என்று வரும் முறையீடுகளைக் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, 'முன்சக்கரம் எங்கே இருந்தது?' என்பதைத்தான்.

ஆகவே நான்கு வழிகளில் ஒன்று: நான்கு தூண் லிஃப்ட் இருக்கும் வொர்க்‌ஷாப், குழி வெட்டிய ஷெட், நான்கு சக்கரங்களும் ஏறி நிற்கும் சாய்வுப் பலகைகள், அல்லது நான்கு முனைகளிலும் ஜாக் ஸ்டாண்ட். கையேட்டில் காட்டியிருக்கும் ஜாக்கி முனைகளில் மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டில் இறக்கியபின் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பிறகு ரசமட்டத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: அந்த விளிம்பு தரைக்கு மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அதனால் தூக்கும் முன், கார் தட்டையான தரையில் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே அதே இடத்தில் வைத்து எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். தூக்கியபின் அதே எண் வர வேண்டும். குறுக்குவாட்டிலும் இப்படியே ஒருமுறை.

திறப்பது

ஓட்டிவிட்டு வந்த உடனே திறக்க வேண்டாம். சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, கை பொசுங்கும். தவிர, சுழன்ற ஆயில் பற்களிலும் சுவர்களிலும் ஒட்டியிருக்கும், அது வடிந்து கீழே சேர நேரம் வேண்டும். கார் இரவு முழுக்க நின்றிருந்தால் இரண்டு கவலையும் இல்லை.

பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு ப்ளக்குகள் தெரியும். மேலே இருப்பது நிரப்புவதற்கு, கீழே இருப்பது வடிப்பதற்கு. கீழ்ப் ப்ளக்குக்கு இன்று வேலையில்லை. அதைத் தவறாகத் திறந்தால் இருந்த ஆயிலும் போய், எவ்வளவு இருந்தது என்ற சாட்சியும் போய்விடும்.

மேல் ப்ளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடையுங்கள். ஆலன் பிட்டை முழு ஆழத்துக்கு உள்ளே செலுத்துங்கள்; குழிக்குள் மெழுகுப் பூச்சு அடைத்திருந்தால் பிட் பாதிதான் இறங்கும், அழுத்தினால் முனை வழுக்கிக் குழியே உருண்டுவிடும். முதலில் ஒரு ஊசியாலோ சின்ன ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டி எடுங்கள். ஆலையில் இறுக்கியது இளகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் கையால் திருப்புங்கள், தட்டு கீழே தயாராக இருக்கட்டும்.

என்ன தெரிகிறது?

கொஞ்சம் வழிந்து நின்றால் நிறைவாக இருக்கிறது. வழிவது நிற்கும் வரை விட்டுவிட்டு மூடுங்கள். வழியவில்லை என்றால் குறைவு என்று அர்த்தமில்லை, அந்த 5 மி.மீ. நினைவிருக்கட்டும்.

விரலை விட்டுப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் விரல் 5 மி.மீ.க்கும் 10 மி.மீ.க்கும் வித்தியாசம் சொல்லாது. ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து 3 செ.மீ.யில் செங்குத்தாக மடியுங்கள். நீளப் பகுதியை ஓட்டையின் கீழ் விளிம்பில் படிய வைத்து, மடித்த நுனி கீழ் நோக்கி இருக்கும்படி உள்ளே விடுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் நுனியில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று தெரியும். மடிப்பிலிருந்து ஈரம் தொடங்கும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் மட்டம் விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. கீழே என்பது கிடைத்துவிடும். வெள்ளை டை என்றால் ஆயிலின் நிறமும் தெரியும்.

0 முதல் 5 மி.மீ. சரி. 6, 7 மி.மீ. என்றால் சாய்வை மறுபடி சரிபாருங்கள். ஒரு டிகிரி தவறினால்கூட 10 செ.மீ.க்கு 2 மி.மீ.க்கு அருகில் மாறும். 10 மி.மீ.க்கு மேல், கார் சமமாகவும் இருக்கிறது என்றால் உண்மையிலேயே குறைவு. டை நுனி காய்ந்தே வெளியே வந்தால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு டீலரிடம் போகாதீர்கள், வண்டி அனுப்பி ஏற்றிப் போகச் சொல்லுங்கள்.

குறைவாக இருந்தால்

ஊற்றும் முன் பதிவு செய்யுங்கள். ரசமட்டத்தின் எண், டை நுனி ஸ்கேலோடு, ஓடோமீட்டர், கசிவில்லாத சீல்கள்: எல்லாம் தேதியோடு போட்டோவாக. பிறகு டீலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். புது காரில் நானாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவர்களையே ஊற்றச் சொல்வேன். எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குவேன். நாளைக்குப் பேரிங் போனால் அந்த ஒரு வரிதான் பேசும்.

நீங்களே ஊற்றினால் வாரண்டி போய்விடுமா என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, உரிமையாளர் தானே பராமரித்தார் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் தவறான ஆயில் ஊற்றியதால் சேதம் என்றால் அது வேறு கதை. ஆயில் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊற்றும் முறை: கியர் ஆயில் குளிரில் தேன் மாதிரி இழுக்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் பம்ப் சுலபமாகப் போகும். அளவுக் கோடுள்ள பாட்டிலில் இருந்து 50 மில்லி ஏற்றுங்கள், ஓரிரு நிமிடம் பொறுங்கள், டையால் பாருங்கள், மறுபடி ஏற்றுங்கள். மொத்தம் எவ்வளவு போனது என்பதுதான் முக்கியமான தகவல். 50, 100 மில்லி என்றால் ஆலையில் கை கொஞ்சம் சுருக்கிவிட்டது, பெரிய விஷயமில்லை. 300, 400 மில்லி இழுத்துக்கொண்டது, கசிவும் எங்கும் இல்லை என்றால், அந்தப் பேரிங்குகள் இத்தனை கிலோமீட்டரும் பட்டினியில் ஓடியிருக்கின்றன என்று பொருள். ஊற்றியபின் சத்தம் அடங்கிவிட்டாலும் விடாதீர்கள். ஆயிலை முழுதாக வடித்து, வடிப்புப் ப்ளக்கின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று டீலரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் பசை போல இருந்தால் அது புதுப் பற்கள் பழகும்போது வரும் தூள், எல்லாக் காரிலும் இருக்கும். விரல் நுனியில் குத்துகிற சில்லுகள் இருந்தால் டிஃபரன்ஷியலையே மாற்றிக் கேளுங்கள்.

மூடுவது

பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள். அது ஒருமுறை நசுங்கி அடைக்கத்தான் செய்யப்பட்டது. ப்ளக்கை முதலில் கை விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஹவுசிங்கின் மரை கோணலாக ஏறிவிட்டால் செலவு ஆயிலோடு நிற்காது. பிறகு டார்க் ரென்ச்சால், உங்கள் வருடத்து வொர்க்‌ஷாப் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். 'கைக்குத் தெரியும்' என்பவர்கள்தான் அடுத்தமுறை ப்ளக்கைக் கழற்ற இரண்டடிக் குழாய் தேடுகிறார்கள். சுற்றிலும் துடைத்துக் காய வைத்துவிடுங்கள், துடைக்காமல் விட்ட ஆயில் நாளைக்குக் கசிவு வேஷம் போடும்.

அதன்பிறகு

அரைமணி நேரம் சாதாரணமாக ஓட்டிவிட்டு வந்து, ப்ளக்கைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஊற்றியிருந்தால் மறுநாள் காலையில், அதே சமமான நிலையில், மட்டத்தை இன்னொருமுறை பார்ப்பது உத்தமம். முன்பக்க பினியன் அறைக்குள் ஆயில் மெதுவாக நிறைவதால் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இந்தமுறை திறந்ததற்கும் ஒரு புது வாஷர் வேண்டும், ஆகவே கடையில் முதலிலேயே மூன்று நான்கு வாங்கிவிடுங்கள். பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பாருங்கள். மட்டம் மறுபடி இறங்கியிருந்தால் ஆலையின் அளவில் பிழையில்லை, எங்கோ கசிகிறது. டீலரிடம் அந்தப் போட்டோக்களோடு போங்கள்.